ஒரே சதுரத்தில் இரண்டு பேல்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளாட்பாரத்தில் தம்பிக்கு ஒரு டி-ஷர்ட் வாங்கினேன். எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்டதைக் குவித்து வைத்து விற்பார்களே, அந்தக் குவியலில் ஒன்று. வெளிர் நீலம். காசு கொடுப்பதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துவிட்டேன். குறுக்கே மெல்லிய பட்டைகள். ஒன்று வெளுத்து, அடுத்தது கொஞ்சம் அழுத்தமாக, மறுபடி வெளுத்து.

"இதுல கோடு விழுந்திருக்குதுங்களே?"

"அது டிசைனுங்க்கா."

"டிசைன் இல்லைங்க. பஞ்சு."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பனியன பஞ்சுலதானுங்க்கா செய்வாங்க. பின்ன என்ன தகரத்துலயா?"

பக்கத்துக் கடைக்காரர் சத்தமாகச் சிரித்தார். நான் அந்தச் சட்டையையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த விஷயத்தில் என்னிடம் சரியான பதில் இருந்தும் அதை ஒருவர் தலையிலாவது ஏற்ற முடியாமல் தோற்றுப்போவது எனக்குப் புதிதில்லை.

டவுன் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோது அந்தப் புதுச் சாய வாசனை ஏறிக்கொண்டே இருந்தது. அந்த வாசனைக்குப் பின்னால் எனக்கு எப்போதும் ஒரு மில் லேப் வரும். அதற்குப் பின்னால், சொன்னால் சிரிப்பீர்கள், நாலாவது பரிமாணம் வரும்.

லேப்புக்குப் போவதற்கு முன் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். எதையும் வரிசைப்படுத்தித்தான் எனக்குச் சொல்ல வரும். அந்த வரிசை பாதி வழியில் கலைந்துபோவதும் வழக்கம்.

பொறியியல் படித்த காலத்தில் நூலகத்தில் அட்டை போன ஒரு பழைய கணிதப் புத்தகம் கிடைத்தது. அதில் இப்படிச் சொல்லியிருந்தார்கள். ஒரு புள்ளியை ஒரு பக்கமாக இழுத்தால் கோடு. கோட்டை அதற்குச் செங்குத்தாக இழுத்தால் சதுரம். சதுரத்தை மேலே தூக்கினால் கனசதுரம். இதுவரை எந்தத் தகராறும் இல்லை. அடுத்த வரியில், கனசதுரத்தை இந்த மூன்று திசைகளுக்கும் செங்குத்தான இன்னொரு திசையில் இழுக்கவும் என்று, ஏதோ நாற்காலியை நகர்த்தச் சொல்வது போலப் போட்டிருந்தது. மூலைகளை எண்ண எனக்குத் தெரிந்தது. கோட்டுக்கு இரண்டு, சதுரத்துக்கு நான்கு, கனசதுரத்துக்கு எட்டு, இதற்குப் பதினாறு. விளிம்பு முப்பத்திரண்டு. அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். எல்லாம் எண்ண முடிந்தது. எதையும் பார்க்க முடியவில்லை. கையை எந்தப் பக்கம் நீட்டினாலும் அது ஏற்கெனவே இருக்கிற மூன்று திசைகளின் கலவையாகவே இருந்தது.

அறைத்தோழி தனலட்சுமி வெள்ளகோவில்காரி. அவளிடம் சொன்னேன்.

"நாலாவதுன்னா டைம்தானே?"

"ஒரு கணக்குல டைமையும் நாலாவதா வெச்சுக்குவாங்க. நான் கேக்கறது அது இல்லடி. இன்னொரு பக்கம்."

"எந்தப் பக்கம்? கைய காட்டு பாக்கலாம்."

நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது.

"அந்தப் பக்கம் பஸ் போகுதான்னு விசாரிச்சு வை. ஒருநா ரெண்டு பேரும் போயிட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போனாள்.

'டைம்தானே?' என்ற இந்த ஒரு சொல்லை நான் அதற்குப் பிறகு கேட்காத இடமில்லை. வாத்தியார் சொன்னார். மாமா சொன்னார். பெண்கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளையும் சொன்னார். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால்தான் நின்றது.

படிப்பு முடிந்ததும் போத்தனூருக்கு வெளியே ஒரு ஸ்பின்னிங் மில்லில் லேப் டிரெய்னியாகச் சேர்ந்தேன். சாக்கில் இறுக்கிக் கட்டி வரும் பஞ்சுப் பொதியான பேல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி எடுத்து மூன்று எண்கள் கண்டுபிடிப்பது என் வேலை. ஒன்று, இழையின் நீளம். இரண்டு, மைக். பஞ்சைச் சின்ன உருளைக்குள் திணித்து அதன் வழியே காற்றை ஊதி, காற்று எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்ப்பார்கள். அந்த எண்ணைத்தான் மில்லில் மைக் என்பார்கள். மூன்று, இழையின் பலம். மூன்று எண் என்றதும் என் மனதில் ஒரு அறை திறந்துகொண்டது. கிழக்குச் சுவரோரம் நீளம், வடக்குச் சுவரோரம் மைக், தரையிலிருந்து உயரம் பலம். ஒவ்வொரு பேலும் அந்த அறைக்குள் அதன் இடத்தில் ஒரு கொசு மாதிரி மிதந்தது. பக்கத்துப் பக்கத்துக் கொசுக்கள் ஒரே மாதிரிப் பஞ்சு. முதல் சில மாதங்கள், காலையில் லேப் கதவைத் திறக்கும்போது, நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

பிறகு யூசுப் பாய் வந்தார். கோட்டைமேட்டுக்காரர், எங்கள் நூலைத் திருப்பூர் நிட்டிங் கம்பெனிகளுக்கு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட். சாயம் போட்டு வந்த நீலத் துணி ஒன்றை எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டரின் மேஜை மேல் விரித்தார். குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு.

"ஏனுங்க மாஸ்டர், நான் உங்ககிட்ட நூல்தானே கேட்டேன். நீங்க ஜமுக்காளம் குடுத்துட்டீங்களே."

மாஸ்டர் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினார். பல பேல்களைச் சேர்த்து ஒரு தடவைக்கு நூற்கிற கலவைதான் மிக்சிங்; அந்தத் துணியில் இரண்டு மிக்சிங்கின் நூல் சேர்ந்திருந்தது.

"ஏம்மா, இந்த ரெண்டு மிக்சிங்கும் ஒண்ணுதான்னு எழுதிக் குடுத்தது நீதானே?"

"ஆமாங்க சார். நீளம், மைக், பலம் மூணுலயும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா துணி ஏன் ரெண்டா தெரியுது? உன் ரீடிங் தப்பு."

"ரீடிங் சரிங்க சார். பஞ்சுதான் ஒண்ணு இல்லைங்க."

பாய் தலையை ஆட்டினார். "மாஸ்டர், இந்தப் புள்ள வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"இன்னொரு தடவ கோடு விழுந்துச்சுன்னா லேப்புல உனக்கு வேலை இல்லம்மா" என்றார் மாஸ்டர். "டைம் ஆபீஸுல போய் ஒக்காந்துக்க."

டைம் ஆபீஸ் என்பது மில் வாசலில், ஆட்கள் வரும் நேரம் போகும் நேரம் கார்டில் பதிகிற அறை. நாலாவது பரிமாணம் டைம்தான் என்று ஊரே சொன்னது என் ஒருத்தி விஷயத்தில் பலித்துவிடும் போலிருந்தது. அன்று எனக்கு இந்த வேடிக்கை தோன்றவில்லை. நான்கு வருடப் படிப்பு, ஹாஸ்டல் செலவு, அப்பா ஊரெல்லாம் 'புள்ள லேப்புல இருக்குது' என்று சொல்லி வைத்திருந்தது எல்லாம் தோன்றியது.

சந்தேகப்பட்ட பேல்களை மறுபடி சோதித்தேன். மூன்று எண்களும் இம்மி பிசகவில்லை. அப்புறம்தான் மூலையில் தூசி படிந்து கிடந்த மைக்ராஸ்கோப்பை எடுத்தேன். இழைகளைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைத்துப் பார்ப்பது ஒரு சோதனை. நேரம் பிடிக்கும், விரல் நுனி வழவழத்துப் போகும், அதனாலேயே யாரும் செய்வதில்லை. நன்றாக முற்றிய இழை கரைசலில் ஊதி உருண்டையான கம்பியாகும். முற்றாத இழை ரிப்பன் மாதிரி தட்டையாகவே கிடக்கும். முற்றாத பஞ்சு சாயத்தைச் சரியாகக் குடிக்காது. துணியில் அதுதான் வெளுத்த பட்டை.

இப்போது பாருங்கள். மெல்லிய இழை முற்றியிருந்தாலும், தடித்த இழை முற்றாமல் இருந்தாலும், காற்றுக்கு வித்தியாசம் தெரியாது. மைக் ஒரே எண்ணைக் காட்டிவிடும். இரண்டு பஞ்சுக்கு ஒரே நிழல். முற்றல் என்ற நாலாவது எண்ணை நாங்கள் எழுதவே இல்லை என்பதால், என் அறைக்குள் இரண்டு கொசுக்கள் ஒரே இடத்தில் மிதந்தன.

அன்று மதியம் குடோனுக்குப் போனேன். சோதனையில் அப்படி அகப்பட்ட இரண்டு பேல்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றிருந்தன. இரண்டின் மேலும் ஒவ்வொரு கையை வைத்தேன். நீளத்தில் தூரம் பூஜ்யம். மைக்கில் பூஜ்யம். பலத்தில் பூஜ்யம். ஆனாலும் இரண்டுக்கும் நடுவில் திருப்பூரில் ஒரு லாட் துணியைக் கெடுக்கிற அளவு தூரம் இருந்தது. அது எந்தப் பக்கம் இருந்தது? இடதும் இல்லை, வலதும் இல்லை, மேலேயும் இல்லை. ஹாஸ்டலில் தூக்கிய கைக்கு அன்றைக்குத்தான் போக ஒரு திசை கிடைத்தது. கண்ணுக்குத் தெரியவில்லைதான். இருக்கிறது என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. தூரம் காணும் பழைய சூத்திரம்கூட, மூன்று வர்க்கங்களோடு நாலாவதாக ஒன்றைச் சேர்த்தால் முகம் சுளிப்பதில்லை. ஐந்தாவது நிறம், ஆறாவது தூசி என்று சேர்த்துக்கொண்டே போகலாம். நாம்தான் சுளிக்கிறோம்.

இதை மாஸ்டரிடம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

"சார், காந்திபுரத்துல ஒரு லாட்ஜ் இருக்குதுங்க. ஊர் மேப்புல அது ஒரே ஒரு புள்ளி. கீழ் ரூம்ல இருக்கறவரும் நாலாவது மாடில இருக்கறவரும் மேப்புல ஒரே எடம். ஆனா கீழ் ரூம் கதவத் தட்டினா மாடிக்காரர் வருவாருங்களா? நம்ம மூணு ரீடிங்கும் அந்த மேப்பு மாதிரிங்க சார். மாடி எத்தனாவதுன்னு நாம எழுதறதில்ல."

மாஸ்டர் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"அப்ப இது நாலாவது பரிமாணம்ங்கற."

"ஆமாங்க சார்!"

"நாலாவது பரிமாணம் டைம்னு எம் பையன் படிக்கிறானே."

என் முகம் எதையும் காட்டிக்கொடுக்காத முகம் என்பார்கள். அன்று அது உதவியது. கடைசியில் அவர், "சரி, குடோன்ல உன் இஷ்டப்படி அடுக்கிக் காட்டு. பெயிண்ட், இங்க்னு எதையும் பஞ்சுகிட்ட கொண்டு போகக்கூடாது" என்றார்.

குடோன் பொறுப்பு மேஸ்திரி பழனிச்சாமி அண்ணனுக்கு. தரை முழுக்கச் சாக்பீஸால் கட்டம் போட்டேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நீளம், வாசலிலிருந்து உள்ளே மைக், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிற உயரம் பலம். அவரும் ஆட்களும் பேல்களைப் புரட்டிப் புரட்டி அந்தந்தக் கட்டத்தில் ஏற்றினார்கள்.

"இது என்னங்க அம்மணி, பாண்டி ஆடறதுக்குங்களா?"

"இல்லைங்ணா. ஒவ்வொரு பேலுக்கும் அட்ரஸ்."

"நீளம் இக்கட்டால, மைக்கு அக்கட்டால, பலம் மேல. சரிங்க. முத்தினது முத்தாததுன்னு நாலாவதா ஒண்ணு சொல்றீங்களே, அதுக்கு எங்கீங்க எடம்?"

ஹாஸ்டலிலிருந்து மில் வரை இந்த விஷயத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி இது. டைமா என்று கேட்கவில்லை. எடம் எங்கே என்று கேட்டார். பதில் சொல்லத்தான் எனக்குப் பொறுமை இல்லை. "எடம் இல்லைங்ணா, அதனால அடையாளம் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, லேப் சாமி படத்துக்குக் கீழே இருந்த குங்குமச் சிமிழை எடுத்து வந்து தண்ணீரில் குழைத்தேன். முற்றாத பஞ்சு என்று தெரிந்த பேல்களின் சாக்கு மேல் மட்டும் ஒரு பொட்டு. ஒவ்வொரு மிக்சிங்கிலும் பொட்டு வைத்ததும் வைக்காததும் ஒரே அளவு கலந்து எடுத்தால் கோடு விழாது. அவ்வளவுதான் திட்டம். மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்க வலிக்க வாரக்கணக்கில் பார்த்து, அந்த இருப்பு முழுவதற்கும் பொட்டு வைத்தோ வைக்காமலோ முடித்தேன். பொட்டே போதும் என்று நோட்டில் தனியாக எழுதி வைக்கவில்லை. முடித்துவிட்டு ஆயுத பூஜைக்கு முந்தின இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போனேன்.

ஆயுத பூஜை அன்று மில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிஷின்களெல்லாம் குளித்த குழந்தைகள் மாதிரி நிற்கும். வாழைக்கன்று, தோரணம், பொரி கடலை. நான் பட்டுப்புடவையோடு நேராகக் குடோனுக்குப் போனேன்.

தரை பளிச்சென்று கழுவியிருந்தது. ஒரு கட்டம் இல்லை. பேல்கள் எல்லாம் வேறு வேறு இடத்தில். கடைசிப் பேல் வரைக்கும், ஒவ்வொன்றின் நெற்றியிலும், சந்தனமும் குங்குமமும்.

பழனிச்சாமி அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு சிரித்த முகமாக வந்தார்.

"பேலயெல்லாம் வெளிய எடுத்துப்போட்டுத் தரையக் கழுவி, கைக்கு வந்த வாக்குல ஏத்திப்போட்டமுங்க அம்மணி. நீங்க பாதிப் பேலுக்குத்தானுங்க பொட்டு வெச்சிருந்தீங்க. பாவம், நேரமில்லாம ஊருக்குப் போயிட்டீங்களாட்ட இருக்குதுன்னு, மீதிக்கு நாங்களே வெச்சுப்போட்டமுங்க."

என்ன சொல்வீர்கள்? எல்லாப் பேலுக்கும் ஒரே எண் என்றால் அது திசையே அல்ல. என் நாலாவது பரிமாணத்தை அந்த மனிதர் பக்தியோடு, சந்தனம் குழைத்து, ஒரே தட்டாகத் தட்டிச் சமப்படுத்தியிருந்தார். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைத் திணித்தார். நின்ற இடத்திலேயே தின்றேன்.

மாஸ்டரிடம் ஓடினேன். "மறுபடி டெஸ்ட் பண்ணணுங்க சார்."

"நல்ல நேரம் பாத்து மிக்சிங் போடணும்னு மொதலாளி சொல்லியாச்சும்மா. உனக்காக மில்ல நிறுத்த முடியுமா?"

நூல் ஓடியது. திருப்பூர் போனது. நான் டைம் ஆபீஸ் வழியாகப் போகும்போதெல்லாம் அந்த மர நாற்காலியைப் பார்த்துக்கொண்டு போனேன். முதுகு வலிக்கும் நாற்காலி அது.

பாய் வந்த அன்று, கூப்பிடாமலே மாஸ்டர் அறைக்குப் போய் நின்றேன். அவர் துணியை விரித்தார். நீலம். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே நீலம். ஒரு கோடு இல்லை.

"பாத்தியாம்மா?" என்றார் மாஸ்டர். "பூஜை போட்டதும் சரியாப் போச்சு."

"அம்மணி கை ராசிங்க" என்றார் பாய். "பொட்டு வெக்க ஆரம்பிச்சதே இந்தப் புள்ளதான்னாங்க."

"அதுக்கு இல்லைங்க பாய், நான் பொட்டு வெச்சது..."

"இனி வர்ற எல்லாப் பேலுக்கும் நீயே வெச்சிரும்மா" என்றார் மாஸ்டர். "சாமி விஷயத்துல பாதி வெக்கறது, பாதி விடறதெல்லாம் வேண்டாம்."

அன்று பொழுது சாய்கிற வரை லேப்பில் உட்கார்ந்திருந்தேன். எப்படிக் கோடு விழாமல் போனது என்று மெல்லத்தான் பிடிபட்டது. கைக்கு வந்த வாக்கில் ஏற்றியிருந்தார்கள். முன்னெல்லாம் பருத்தியில் கொட்டை நீக்குகிற ஒரு ஜின்னிங் பேக்டரியிலிருந்து வந்த பேல் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி ஒன்றாக நிற்கும். ஒரு மிக்சிங்குக்கு முழுக்க முற்றியது போகும், அடுத்ததற்கு முழுக்க முற்றாதது. கலைத்துப் போட்டதும் அந்தக் கூட்டம் உடைந்துவிட்டது. நன்றாகக் கலைத்துவிட்டால் பஞ்சு எல்லாத் திசையிலும் கலந்துவிடுகிறது. நாம் அளக்கிற திசையில், அளக்காத திசையில், இருக்கிறது என்றே தெரியாத திசையிலும்கூட. அழகான விஷயம். எரிச்சலோடுதான் ரசித்தேன். சொல்லப் போனால் யாருக்கு அது வேண்டியிருந்தது?

மறுநாள் பழனிச்சாமி அண்ணனிடம் போனேன்.

"ஏனுங்ணா, ஒவ்வொரு தடவ மிக்சிங் போடறதுக்கு முன்னாலயும் பேலயெல்லாம் வெளிய எடுத்துக் குடோனக் கூட்டிப்போட்டு, மறுபடி கைக்கு வந்த மாதிரி ஏத்த முடியுங்களா?"

"அதுக்கென்னங்க, சுத்தமா இருந்தா நல்லதுதானுங்களே." கொஞ்சம் தயங்கினார். "அந்தக் கட்டம் போடறது இனி வேண்டாங்களா?"

"வேண்டாங்ணா."

அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. அட்ரஸ் போட்டு அடுக்கியது அவருக்குப் பிடித்திருந்தது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு கோடு விழவில்லை. லேப்பில் என்னை நிரந்தரமாக்கினார்கள். மாஸ்டர் மீட்டிங்கில், குடோன் சுத்தம்தான் தரத்துக்கு அடிப்படை என்று பேசினார். நான் வாராவாரம் எல்லாப் பேலுக்கும் பொட்டு வைத்தேன். மைக்ராஸ்கோப் மறுபடி மூலைக்குப் போனது. எப்போதாவது மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் வேண்டாத நாலாவது எண்ணை எனக்காக மட்டும் பார்த்துக்கொள்வேன். என் ரீடிங் சரிதான் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டு வாங்க எனக்கும் தெரியவில்லை.

இப்போது அந்த மில் மூடிக் கிடக்கிறது. குடோனை யாரோ வாடகைக்கு எடுத்துக் குளிர்பானப் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். பெரிய மில்களில் மிஷின் வந்துவிட்டது. ஒரு பிடி பஞ்சை வைத்தால் முற்றல் உட்பட வரிசையாக எண்களை அச்சடித்துத் தள்ளுமாம். காஸ்டிக்கும் வேண்டாம், கண்வலியும் வேண்டாம். நானும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்துவிட்டேன். தினமும் பார்க்கிற அட்டவணைகளில் இருபது முப்பது பத்திகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் முப்பது திசைகளில் ஒரு புள்ளி. புதிதாக ஒரு பத்தி வேண்டுமென்றால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். அதற்கு எடம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பி டி-ஷர்ட்டைப் போட்டுக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"கோடு டிசைன் நல்லாருக்குக்கா."

எங்கோ ஒரு குடோனில் பேல்கள் கலையாமல், சொந்தக்காரர்களோடு சேர்ந்தே நின்றிருக்கின்றன. அதை அவனுக்குச் சொல்ல வாயெடுத்தேன். இக்கட்டால நீளம், அக்கட்டால மைக் என்று காட்டச் சாக்பீஸும் அவ்வளவு பெரிய தரையும் வேண்டும். "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டேன்.